நடைமேடையில் ஒரு கேமரா: நெல்லைச் சீமை ரயில் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை, வாஞ்சி மணியாச்சி

திருநெல்வேலியை நடுவாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பிரியும் எல்லாத் தடங்களிலும் ரயில்களைப் படம்பிடித்துவர இந்த ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேற்கே சாரல், தெற்கே காற்று, கிழக்கே வெயில் என்று ஒரே வாரத்தில் மூன்று விதமான வானம் இந்தச் சீமையில் ஆடியில்தான் கிடைக்கும். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிப் பதிவதாக எண்ணம். எஞ்சின்களின் எண்களையும் பெட்டிகளின் வரிசையையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது வேறு. ரயில் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால், இன்றைக்கு எந்த ஷெட் (எஞ்சின் பராமரிக்கும் பணிமனை) எஞ்சின் வந்தது என்பதுதான் முன்பெல்லாம் முதல் கேள்வியாக இருக்கும். இப்போதோ, அந்த நிலையத்தில் கேமராவை எடுக்க விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஏன் இப்படி ஆயிற்று, இதனால் யாருக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதைத் தடம் தடமாகப் போய்ப் பார்க்கவே இந்தப் பயணம்.

தொடங்குவதற்கு மணியாச்சியைவிடப் பொருத்தமான நிலையம் இல்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் பாதை திறந்தபோதே இங்கிருந்து திருநெல்வேலிக்கும் கிளை பிரிந்துவிட்டது. 1911 ஜூன் 17ஆம் தேதி, கொடைக்கானலுக்குப் போவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து மனைவியுடன் வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் இணைப்பு வண்டிக்காகக் காத்திருந்த மாவட்ட ஆட்சியர் ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது இந்த நிலையத்தில்தான். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சியின் பெயர் இன்று நிலையத்தின் பெயரோடு சேர்ந்திருக்கிறது. ரயில் நிலையத்துக்குள் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று அரசாங்கம் கவலைப்படுவது நம் ஊரில் நேற்றுத் தோன்றியதல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மற்றதைப் பேச வேண்டும்.

இன்று காலை பத்து ரூபாய் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, பணியில் இருந்த நிலைய அதிகாரியிடம் நேரே போய், படம் எடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வடக்கு முனையில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே என்றேன். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, வருகிற எஞ்சினுக்கு எதிரே ஃபிளாஷ் போடக் கூடாது, மேலே ஓடும் மின்கம்பி 25,000 வோல்ட், அதன் பக்கம் கம்போ குச்சியோ நீட்டக் கூடாது என்று மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மூன்றும் நியாயமானவை, மூன்றுக்கும் காரணம் உண்டு. ஃபிளாஷ் வெளிச்சம் லோகோ பைலட்டின் கண்ணைக் கூசச் செய்யும் என்பது ரயில் ரசிகர்களுக்கும் தெரியும். இந்தத் தடம் இப்போது இரட்டைப் பாதை என்பதால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ஒரு பாதையில் வரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு, முதுகுக்குப் பின்னால் அடுத்த பாதையில் வரும் வண்டியின் சத்தம் கேட்காது. மின்சார எஞ்சின்கள் பழைய டீசல் எஞ்சின்களைப் போலத் தொலைவிலிருந்தே முழங்கிக்கொண்டு வருவதில்லை.

சென்னை போகும் வந்தே பாரத் கரிசல் காட்டின் இளவெயிலில் நிற்காமல் கடந்தபோது எடுத்த படம், பாதுகாப்புக்கு எந்தக் குறையும் வைக்காமல் எடுத்த படம்.

சனிக்கிழமை, அம்பாசமுத்திரம் தடம்

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902இலும் அங்கிருந்து செங்கோட்டை வரை 1903இலும் திறந்த தடம் இது. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று வயலும் வாழையுமாகப் போகும் பாதையில் மேற்கே முழுவதும் பொதிகை மலை நிற்கிறது. கடையத்துக்காரரான ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் உடன் வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான்.

எந்த நிலையத்தில் என்று சொல்லாமலே இன்று நடந்ததை எழுதுகிறேன். நடைமேடையின் கோடியில் நின்று, எதிரே வரும் வண்டிக்காகக் கேமராவைக் கண்ணில் வைத்தபோது, சீருடையில் இருந்த ஒருவர் வந்து லென்ஸின் முன்னே கையை நீட்டினார். அனுமதி இருக்கிறதா என்றார். நடைமேடைச் சீட்டையும் அடையாள அட்டையையும் கொடுத்தேன். கேமராவை வாங்கி, பின்பக்கத் திரையில் ஒவ்வொரு படமாகக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். வண்டி, வண்டி, மைல்கல், மறுபடியும் வண்டி, மஞ்சள் பெயர்ப்பலகையில் ஒரு காகம். காகத்தின் படத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று திருப்பித் தந்தார்.

அண்ணாச்சிதான் பேசினார். “தம்பி, அழிக்கச் சொல்லுதியளே, அந்த உத்தரவு எங்க எழுதியிருக்கு?”

“மேலிடத்து உத்தரவு அண்ணாச்சி.”

“எழுத்துல இருக்கா?”

“வாய்மொழிதான் அண்ணாச்சி. நான் என்ன செய்ய?”

அவருடைய குரலில் அதிகாரத்தைவிடச் சங்கடமே மிகுதியாக இருந்தது. இதே நேரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம், ஊருக்குப் போகும் பாட்டியை வழியனுப்ப வந்தவர்கள், மூன்று செல்பேசிகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோக்களில் நிலையக் கட்டடமும் சிக்னலும் வண்டியும் என் படங்களில் இருப்பதைவிட அதிகமாகவே விழுந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கையளவு செல்பேசியே நுணுக்கமாகப் படம்பிடிக்கிற காலத்தில், பெரிய லென்ஸ் வைத்திருப்பவனைத்தான் கண் தேடுகிறது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் ஊர் பார்க்கும்படி தோளில் பெரிய பையும் கழுத்தில் பெரிய கேமராவுமாக வரமாட்டான் என்பது யோசித்தால் எவருக்கும் விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிரட்டப்படும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, உரிமையில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுப்பவர் இந்தப் பிரிவில் மாட்டுவார், மாட்டவும் வேண்டும். ஆனால் சீட்டு வாங்கி நடைமேடையில் நிற்பவர் உரிமையில்லாமல் நுழைந்தவர் அல்லர். அடுத்ததாக எடுத்து நீட்டப்படுவது 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம். அந்தச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட இடம் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. கடற்படை, இராணுவம், விமானப்படை இடங்கள் தாமாகவே அதில் அடங்கும். ரயில் பாதையோ, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால்தான் அதில் சேரும். வணிகப் படப்பிடிப்புக்கு மண்டலத் தலைமையகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்பது தெளிவான நடைமுறை, அதில் எனக்கு மறுப்பில்லை. சொந்த ஆர்வத்தில் ஒரு வண்டியைப் படம் எடுப்பவரின் நிலைதான் நடைமேடைக்கு நடைமேடை, பணிமுறைக்குப் பணிமுறை மாறுகிறது. படங்களை அழிக்கச் சொல்லும் பிரிவு எதுவும் ரயில்வே சட்டத்தில் இல்லை. கைப்பற்றுவதென்றாலும் அதற்கு முறை உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் காவலரே ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

இதோடு, நிலையத்தில் இரண்டு படைகள் இருக்கின்றன என்பதையும் பயணிகள் பலர் அறிவதில்லை. ரயில்வே பாதுகாப்புப் படை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசுடையது. இருப்புப்பாதை போலீஸ் மாநில அரசுடையது. ஒருவர் சரி என்றதை மற்றவர் தவறு என்று சொன்னால் எங்கே போய் முறையிடுவது என்பது நாள் முழுவதும் அண்ணாச்சி கேட்டுக்கொண்டே வந்த கேள்வி.

மாலையில் கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே தாமிரபரணிக் கரைக்கு வந்தோம். ஊர்க்காரர்கள் குளிக்கும் துறையில் நின்றுகொண்டு, பாலத்தின் மேல் செங்கோட்டை வண்டி போவதை எடுத்தேன். பொதுக்கரையில் நிற்பவனை எவரும் கேட்கவில்லை. வண்டி தாண்டியதும், துவைகல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தன் அண்ணன் மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதைக் காலத்தில் இந்தத் தடத்தில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிப்பவராக, இருந்தவர் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு

குற்றாலம் சீசன் என்பதால் தென்காசி வரை நிற்க இடமில்லை. செங்கோட்டைக்கு அப்பால் மலை ஏறும் பாதை 1904இல் கொல்லத்தோடு இணைந்தது. மீட்டர்கேஜ் வண்டிகள் 2010 செப்டம்பரில் நின்றன. அகலப்பாதையாகி முழுத் தடமும் மறுபடி திறக்க 2018 ஆயிற்று. பகவதிபுரத்தைத் தாண்டிய நீண்ட குகைக்குள் வண்டி புகுந்து வெளியே வரும்போது, இந்தப் பக்கத்துச் சாரல் அந்தப் பக்கத்தில் கனமழையாக இருந்தது. கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே முழுதாகப் பார்க்கலாம், எடுக்கலாம். சாலையில் நின்று எடுத்தேன்.

இந்த மலைத்தடத்தின் மீட்டர்கேஜ் காலம் எப்படி இருந்தது என்று இன்று ஒரு பள்ளி மாணவர் கேட்டால், அவருக்குக் காட்டுவதற்கு நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி ரயில் ரசிகர்கள் தங்கள் சொந்தக் காசில், சொந்த ஓய்வு நாளில் வந்து எடுத்த படங்கள். பாசி படிந்த பழைய நிலையக் கட்டடங்கள், கை நெம்புகோலால் இழுக்கும் சிக்னல்கள், குகை வாயில் வளையங்கள், வண்டிக்கு வழிவிட்டதன் அடையாளமான டோக்கன் பந்தைக் கையில் ஏந்தி நிற்கும் பாயிண்ட்ஸ்மேன், கடைசி வண்டியின் ஜன்னல்களில் சாய்ந்திருந்த முகங்கள் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன. அன்றைக்கு ஒவ்வொரு நடைமேடையிலும் கையை நீட்டித் தடுத்திருந்தால் இந்தப் பதிவு இருந்திருக்காது. இன்று தடுக்கப்படும் படங்களும் அப்படித்தான். அவை இல்லாத குறை நமக்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். இந்த வாரம் நான் எழுதுவதிலேயே எனக்கு மிகவும் முக்கியம் என்று படுவது இதுதான்.

மற்றொரு பக்கமும் உண்டு. இன்று வந்த வண்டியில் இரண்டு இளைஞர்கள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடல் முழுவதும் வெளியே தொங்கக் குகைக்குள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்கள். குகைச் சுவருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி எழுந்து போய் இருவரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தார். படிக்கட்டில் பயணம் செய்வது ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவில் குற்றம். பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் ரீல்ஸ் எடுப்போர்மீது வழக்குப் பதிவு செய்யும்படி 2024 நவம்பரில் ரயில்வே வாரியம் எல்லா மண்டலங்களுக்கும் சொன்னது. அந்த உத்தரவு சரியானது. வருத்தம் என்னவென்றால், தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு வீடியோ எடுப்பவனும், நடைமேடையில் கோட்டுக்கு உள்ளே நின்று வண்டியை எடுப்பவனும் ஒரே கணக்கில் எழுதப்படுகிறார்கள். நடைமேடையிலிருந்து விரட்டப்படும் ஆர்வலன் வீட்டுக்குப் போய்விடுவதில்லை என்பதையும் அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் அடுத்த வாரம் ஆள் இல்லாத வளைவுக்கும் பாலத்தடிக்கும் போகிறான். விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் எச்சரிக்கும் ஒலிபெருக்கியும் உள்ள இடத்திலிருந்து, எதுவுமே இல்லாத இடத்துக்கு அவனைத் தள்ளுவதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

மழை விடாததால் மாலையில் செங்கோட்டை விடுதியிலேயே தங்கிவிட்டோம். அதனால் வெளிநாடுகளில் இதே சிக்கல் எப்படிப் போயிற்று என்று அண்ணாச்சியிடம் சொல்ல நேரம் கிடைத்தது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல் எவரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைக் காவலர்களுக்குத் தந்தது. புகைப்படக்காரர்கள் பலர் அதில் அலைக்கழிக்கப்பட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 ஜனவரியில் அந்த அதிகாரம் மனித உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் புதிய சட்டம் வந்து அந்தப் பிரிவை நீக்கியது. நியூயார்க்கில் சுரங்க ரயிலில் படம் எடுப்பதையே தடைசெய்யும் யோசனை 2004இல் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அண்ணாச்சியை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறொன்று. 2008 டிசம்பரில் நியூயார்க்கின் பென் நிலையத்தில், ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தின் புகைப்படப் போட்டிக்காக ரயில்களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரை, அதே நிறுவனத்தின் காவலர்களே கைது செய்தார்கள். அங்கே ஒரு அறையில் போட்டி அறிவிக்கிறவர்களுக்கும் மற்றொரு அறையில் கைது செய்கிறவர்களுக்கும் நடுவே எழுதப்பட்ட விதி ஒன்று இல்லாமல் போனதுதான் காரணம் என்றேன். “எங்க காலத்துலயும் இதான் நடந்துச்சு. சர்க்குலர் ஒருத்தர் போடுவார், படிக்க வேண்டியவருக்கு அது போய்ச் சேராது” என்றார்.

திங்கட்கிழமை, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு

தெற்குத் தடம் மற்றவற்றைவிட இளையது. 1981இல்தான் திருநெல்வேலி நாகர்கோவிலோடு ரயிலால் இணைந்தது. சந்திப்பைத் தாண்டித் தாமிரபரணியைக் கடந்ததும் ரயில்வே நிர்வாகத்தில் மதுரைக் கோட்டம் முடிந்து திருவனந்தபுரம் கோட்டம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு கோட்டத்தில் வாங்கிய அனுமதி ஆற்றின் மறுகரையில் செல்லாது. மக்களுக்கோ இரண்டும் ஒரே திருநெல்வேலிதான்.

இன்று கேமராவைப் பைக்குள் வைத்திருந்த நேரமே அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. நாங்குநேரிக்குக் கிழக்கே விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் தளம் அது. பணகுடியையும் காவல்கிணற்றையும் ஒட்டி மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. தெற்கே கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம். நாட்டின் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முழுப்பொருள் உள்ள இடங்கள் இவை. இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பக் கூடாது என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரியும் தேவையில்லை. மகேந்திரகிரி பின்னணியில் விழும் வளைவு ஒன்று வண்டிப் படத்துக்கு மிக அழகானது. வளாகம் தெரியும் கோணத்தை ஒதுக்கிவிட்டு, மலையின் வடமுகம் மட்டும் விழும்படி காற்றாலைகளோடு சேர்த்து எடுத்தேன். உண்மையிலேயே காக்க வேண்டிய இடத்துக்கும், அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் நடைமேடைக்கும் ஒரே தடையைப் போட்டால், முதலாவதற்குரிய மதிப்புத்தான் குறைந்துபோகும்.

வள்ளியூருக்கு அருகே ஒரு கேட்டில், பொதுச்சாலையில் தடுப்புக்கு இப்பால் நின்றிருந்தேன். கேட்கீப்பர் முதலில் என்னைப் பார்த்த பார்வையில் நல்ல பயம் இருந்தது. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். அதன் பிறகு கேமராவோடு வருபவர் தம்மைச் சோதிக்க வந்தவரோ என்ற ஐயம் வந்துவிட்டது என்று அவரே சொன்னார். ரயில்தான் எடுக்கிறேன், கேட் அறையை எடுக்கவில்லை என்று படங்களைக் காட்டிய பிறகு முகம் தெளிந்தது. பாதுகாப்பு நடவடிக்கை ஒன்று வந்தால் அது அடுத்தவனைப் பார்த்துப் பயப்படவும் கற்றுக்கொடுக்கிறது என்பதைப் பெரிய நிலையங்களைவிட இந்தச் சின்னக் கேட்டில்தான் நன்றாகப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை, திருச்செந்தூர் தடம்

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். வண்டி நிறையக் காவி வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதை திறந்தது 1923இல். அலுவல் ரகசியச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று ஆற்றோடு சேர்ந்து போகும் தடம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் நீர் சூழ அங்கேயே இருக்க நேர்ந்தது. பாதையின் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கிய காட்சியை நாடே பார்த்தது. பார்த்தது எதனால்? அங்கே இருந்தவர்கள் கையில் கேமரா இருந்ததால். தெளிவாகத் தெரிந்த அந்தச் சேதத்தைப் பார்த்தபோது, அதற்கு முன் அந்த வண்டியை நிறுத்தி வைத்த முடிவின் அருமையும் எல்லோருக்கும் விளங்கியது. படம் ரயில்வேக்கு எதிரி அல்ல என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று தேட வேண்டியதில்லை.

சற்றுத் தொலைவில் தேடினால் மும்பை இருக்கிறது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி நிலையத்தில் துப்பாக்கியோடு நடந்துவந்த பயங்கரவாதி கசாபை, பத்திரிகைப் புகைப்படக்காரர் செபாஸ்டியன் டிசோசா அதே நிலையத்துக்குள் மறைந்து நின்று எடுத்தார். அந்தப் படங்கள் வழக்கில் சான்றாயின, அவரும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த இரவில் அந்த நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்திலும் 1997 டிசம்பர் 6 அன்று சேரன், பாண்டியன் விரைவு வண்டிகளில் குண்டு வெடித்தது. 2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் நின்ற வண்டியில் வெடித்த குண்டுக்கு ஓர் இளம்பெண் பலியானார். இவற்றை மறந்துவிட்டுக் கேமரா உரிமையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. பையைச் சோதிக்கட்டும், அடையாள அட்டையைக் கேட்கட்டும், பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். இவை எதிலும் எந்த ரயில் ரசிகருக்கும் தயக்கம் இருக்காது. அமெரிக்காவில் பி.என்.எஸ்.எஃப். ரயில் நிறுவனம் 2006இல் ரசிகர்களையே பதிவு செய்யவைத்து, பாதையோரத்தில் ஐயத்துக்குரிய எதையாவது கண்டால் உடனே தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டது. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்தப் பாதையில், எந்த எஞ்சினோடு வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். இருக்க வேண்டாத இடத்தில் ஒரு பை இருந்தால் முதலில் கவனிப்பது அவர்கள் கண்தான். 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியும், சொல்லவும் செய்வார்கள்.

திருச்செந்தூரில் இறங்கிக் கோயிலுக்குப் போனோம். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இங்கே செல்பேசிக்குத் தடை விதித்தது. பிறகு தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. வாசலில் பலகை இருக்கிறது, செல்பேசியை ஒப்படைத்துச் சீட்டு வாங்க இடம் இருக்கிறது. வரிசையில் நின்ற எவரும் அங்கே வாதாடவில்லை. படம் எடுக்கத் தடை என்பதால் மட்டும் மக்கள் சண்டைக்கு வருவதில்லை. என்ன தடை, எதுவரை தடை, யார் போட்ட தடை என்பது கண்ணெதிரே எழுதியிருந்தால் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நிலையத்தில் கேட்பதும் அந்தப் பலகையைத்தான் என்று தரிசனம் முடிந்து வரும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன். மனுவாக எழுதிக் கொடுங்கள், இத்தனை வருடம் சர்க்குலர் படித்த கையால் நான் திருத்தித் தருகிறேன் என்றார்.

புதன்கிழமை, திருநெல்வேலி சந்திப்பு

காலையிலிருந்து மனு எழுதும் வேலைதான். ஒரு படமும் எடுக்கவில்லை. இரண்டு கோட்டங்களின் மேலாளர்களுக்கும் மண்டலத் தலைமையகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கும் தனித்தனியே எழுதினோம். சொந்த ஆர்வத்துக்காக நடைமேடையிலிருந்து படம் எடுக்கலாமா கூடாதா என்பதைத் தமிழிலும் எழுதி ஒவ்வொரு நிலையத்திலும் பலகையாக வைக்க வேண்டும். எடுக்கக் கூடாத இடங்களும் பொருள்களும் எவை என்று அதிலேயே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் போதும் என்ற முறை வேண்டும். அது இரண்டு கோட்டங்களிலும் இரண்டு படைகளிடமும் செல்ல வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவோருக்கும் படிக்கட்டில் தொங்குவோருக்கும் எந்தச் சலுகையும் காட்ட வேண்டாம் என்பதையும் நாங்களே கேட்டு எழுதினோம். படங்களை அழிக்கச் சொல்வது பற்றிய பத்தியில் நான் போட்டிருந்த கடுமையான சொற்கள் இரண்டை அண்ணாச்சி அடித்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சட்டப் பிரிவின் எண்ணை எழுதினார். அது அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று உறைகளையும் சந்திப்புக்கு எதிரே விரைவுத் தபாலில் சேர்த்தாயிற்று. பதில் வந்தால், வந்தபடியே முழுதாக இங்கே தருகிறேன். ஒரு மாதத்தில் வராவிட்டால், சொந்த ஆர்வத்தில் படம் எடுப்பது குறித்து நடைமுறையில் உள்ள விதியின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதாக அண்ணாச்சியும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.